சண்டை விளையாட்டுகளில் பாத்திரச் சமநிலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற இருவர் மோதும் சண்டை விளையாட்டுகளைச் சில மாதங்கள் ஆடிய எவரும் ஒரு கட்டத்தில் "இந்தப் பாத்திரத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்?" என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்தக் கேள்வி வெவ்வேறு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருவதால், விடைகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். விளையாட்டுகளின் வரலாறு தெரியாதவர்களும் தொடர்ந்து படிக்கும்படி, தேவைப்படும் இடங்களில் அதையும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

சமநிலை என்றால் எல்லாப் பாத்திரங்களும் ஒரே பலத்தோடு இருப்பதுதானா?

அதுவும் ஒரு வகைச் சமநிலைதான். ஆனால் யாரும் மெனக்கெடாமல் அடைந்துவிடக்கூடிய வகை. வடிவமைப்பாளர்கள் தேடுவது அதைவிடக் கடினமான ஒன்று. முற்றிலும் வேறு வேறு விதமாக ஆடும் இரண்டு பாத்திரங்களை ஒரே தரத்திலுள்ள இரண்டு ஆட்டக்காரர்களின் கையில் கொடுத்தால், இருவருக்கும் வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. இதோடு இன்னொரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து: அடி வாங்கிக்கொண்டிருப்பவருக்கும், அந்த நொடியில் எடுப்பதற்கு ஒரு முடிவு மிச்சம் இருக்க வேண்டும். வெற்றிக் கணக்கு சரிசமமாக வந்தாலும், ஒரு பக்கத்தவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் ஆட்டத்தைச் சமநிலையானது என்று நான் சொல்லமாட்டேன்.

இதை நடைமுறையில் சாதிக்கும் வழி, ஒவ்வொரு பலத்துக்கும் ஒரு விலை வைப்பது. ரியூ தொலைவிலிருந்து ஹடோகன் என்னும் நெருப்புப் பந்தை எறிகிறார். அது ஒரு பலம். எறிந்த பின் கைகள் நீட்டியபடியே சிறிது நேரம் அசையாமல் நிற்கிறாரே, அதுதான் விலை. அந்தக் கணத்தைக் கணித்து எதிராளி முன்கூட்டியே தாவிவிட்டால், ஒரு முழு காம்போவை, அதாவது இடைவிடாத அடித்தொடரை, வாங்கிக்கொள்வதைத் தவிர ரியூவுக்கு வேறு வழியில்லை.

அப்படியானால் இருவருக்கும் ஒரே பாத்திரத்தைக் கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம். 1991-இல் கேப்காம் நிறுவனம் ஆர்கேட் எனப்படும், காசு போட்டு ஆடும் கூடங்களுக்கு வெளியிட்ட முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் தேர்ந்தெடுக்க 8 பாத்திரங்கள் இருந்தன. இருவர் ஒரே பாத்திரத்தை எடுக்க முடியாது. மறு ஆண்டு வந்த சாம்பியன் எடிஷன் அந்தத் தடையை நீக்கியது, அதுவரை கணினி மட்டுமே ஆடிய 4 தலைவர்களையும் ஆட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டது. ரியூவும் கென்னும் முதல் பதிப்பில் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவர்கள். அடுத்தடுத்த பதிப்புகளில்தான் கென்னின் ஷோரியுகன் என்னும் எழும்பிக் குத்தும் அடி அகன்று பாயவும், ரியூவின் நெருப்புப் பந்து கூடுதல் நம்பகம் பெறவும் தொடங்கி, இருவரும் பிரிந்தார்கள். ஒன்றாக இருந்த இருவரை வலிந்து வேறாக்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மக்கள் விரும்பியது அந்த வேற்றுமையைத்தான்.

நம் ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். 3 புலி, 15 ஆடு. புலிக்குத் தாண்டி வெட்டும் உரிமை, ஆட்டுக்கு எண்ணிக்கை. இரண்டு தரப்பும் எந்த விதத்திலும் சமமில்லை, ஆனால் ஒரு முறை நீ புலி, மறு முறை நான் புலி என்று மாற்றிக்கொண்டால் வழக்குத் தீர்ந்துவிடும். சண்டை விளையாட்டில் அந்த வசதி கிடையாது. ஒருவர் ஒரே பாத்திரத்தோடு மாதக்கணக்கில், சில சமயம் பத்தாண்டுகள்கூடக் குடித்தனம் நடத்துகிறார். "அடுத்த ஆட்டத்தில் நீ இந்தப் பக்கம் வா" என்று அவரிடம் சொல்ல முடியாது. சமநிலையின் முழுச் சுமையும் வடிவமைப்பாளர் தலையில் விழுவது இதனால்தான்.

"6-4 மேட்ச்அப்", "7-3 மேட்ச்அப்" என்பதற்கு என்ன பொருள்?

மேட்ச்அப் என்பது மோதும் இரண்டு பாத்திரங்களின் ஜோடி. ஒரே திறமையுள்ள இருவர் அந்த இரண்டு பாத்திரங்களோடு 10 ஆட்டம் ஆடினால் எத்தனைக்கு எத்தனை என்று முடியும் என்பதன் மதிப்பீடு அது. ஜப்பானிய ஆர்கேட் பண்பாட்டில் வேரூன்றிய முறை. 5-5 என்றால் சமம். 6-4 என்றால் ஒருவருக்குச் சற்றுச் சாதகம். 7-3 என்றால் மற்றவர் பெருமூச்சு விடலாம்.

சிறியதாகத் தெரியும் இந்த வேறுபாடு போட்டி நீள நீளப் பெரிதாகும். ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். முதலில் 2 ஆட்டம் வெல்பவருக்கே போட்டி என்றால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 65 விழுக்காடாகிறது. முதலில் 3 என்றால் 68. முதலில் 10 என்றால் 80-ஐத் தாண்டிவிடும். 7-3 மேட்ச்அப்பில் முதலில் 3 வெல்லும் போட்டியிலேயே அது 84 விழுக்காட்டை நெருங்குகிறது. ஆகவே "வெறும் 6-4 தானே" என்று சொல்பவர் எந்த நீளப் போட்டியை மனத்தில் வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த எண்களை யாரும் சோதனைக்கூடத்தில் அளந்து சொல்வதில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்கள் பேசிப் பேசி எட்டும் உடன்பாடுதான் இது. நெடுநாள் உடன்பாடுகள் தவறாகிப் போனதும் உண்டு.

ஒரு நகர்வு பலமானதா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளக்கிறார்கள்?

பிரேம் கொண்டு. பிரேம் என்பது திரையில் தோன்றும் ஒற்றைப் படம்; இந்த விளையாட்டுகள் நொடிக்கு 60 பிரேம் ஓடுகின்றன. ஒரு பிரேம் என்பது ஏறத்தாழ 17 மில்லிநொடி. ஒவ்வோர் அடிக்கும் மூன்று பகுதிகள் உண்டு: அடி விழுவதற்கு முந்தைய ஆயத்தம், அடி உயிரோடு இருக்கும் நேரம், அதன் பின் ஆள் மீண்டு வரும் நேரம். எதிராளி அடியைத் தடுத்துவிட்டால் இருவரில் யார் முதலில் அசைய முடியும் என்பதைக் கூட்டல் கழித்தல் குறியோடு எழுதுவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மிக வேகமான சிறு குத்துகள் 4 பிரேமில் விழும். உங்கள் உதையை எதிராளி தடுத்தபின் நீங்கள் 4 பிரேம் பின்தங்கினால், அவர் குத்து எட்டும் தொலைவில் நிற்கும் பட்சத்தில், தப்ப வழியே இல்லை. அதே உதை 3 பிரேம் மட்டும் பின்தங்கினால் அது பாதுகாப்பானது. 17 மில்லிநொடிக்கு அந்தப் பக்கம் தண்டனை, இந்தப் பக்கம் பாதுகாப்பு. வெளியான விளையாட்டுக்குப் பின்னர் வரும் திருத்தமான பேட்ச் ஒன்றின் குறிப்பில் "ஒரு பிரேம் கூட்டப்பட்டது" என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு ஆட்டக்காரர்கள் இரவெல்லாம் வாதிடுவதற்குக் காரணம் இதுதான்; வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுவதும் நியாயமே.

பிரேம்களுக்குள் மனித வரம்பும் அடங்கியிருக்கிறது. கண்ணால் கண்டு கை அசைவதற்கு ஏறத்தாழ கால் நொடி, அதாவது 15 பிரேம் அளவு பிடிக்கும். ஆகவே 5 பிரேமில் வரும் சாதாரணப் பிடியைப் பார்த்துவிட்டு யாரும் தப்ப முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அதே விளையாட்டில் எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவான டிரைவ் இம்பாக்ட் என்னும் பேரடி விழ 26 பிரேம் ஆகும். அதைப் பார்த்தே பதிலடி கொடுக்கலாம். எதை ஊகத்துக்கு விடுவது, எதைக் கண்ணுக்கு விடுவது என்று பிரிப்பதுதான் சமநிலை வேலையின் பெரும்பகுதி.

நெருப்புப் பந்து இல்லாத, மெதுவான ஸாங்கீஃப் போன்றவர்களை எப்படிச் சமன்செய்கிறார்கள்?

இந்தத் தத்துவத்தை முழுமையாகக் காட்டும் இடம் இதுதான். நான் ஸாங்கீஃப் ஆடுபவன் என்பதால் சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதிரில் கைல் நிற்கிறார் என்று கொள்வோம். கைல் பின்பக்கத்தைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு முன்னால் தள்ளிக் குத்தினால் சோனிக் பூம் பறக்கும். கீழே அழுத்திப் பிடித்துவிட்டு மேலே தள்ளி உதைத்தால், தாவி வருபவரை வெட்டும் சுழல் உதை எழும். மூலை நோக்கிக் குனிந்தபடி பிடித்தாலே இரண்டும் ஒருசேரத் தயாராகிவிடும். தரைவழி வந்தால் பூம், வான்வழி வந்தால் உதை. ஸாங்கீஃபோ மெதுவாக நடக்கிறார், உருவமும் பெரியது, தொலைவில் நின்று செய்ய அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் 20 நொடி பார்த்தால் இது சண்டையா, ஒருவர் மீது மற்றவர் கல்லெறியும் காட்சியா என்றே தோன்றும்.

ஆனால் கைல் முன்னால் நடந்தால் பின்னால் பிடித்த அழுத்தம் கலைந்துபோகும். அது அவர் செலுத்தும் விலை. ஸாங்கீஃப் ஒரு பூமைத் தடுத்து அரை அடி, மற்றொன்றின் மேல் நேராகத் தாவி அரை அடி, கைகளை விரித்துச் சுழலும் லாரியட்டால் ஒன்றை ஊடுருவிக் கால் அடி என்று நெருங்குகிறார். கைல் பின்வாங்கப் பின்வாங்க, முதுகுக்குப் பின்னால் மூலை வருகிறது. கைக்கெட்டும் தொலைவுக்கு ஸாங்கீஃப் வந்த கணத்தில் கணக்கு தலைகீழாகிறது: அவருடைய சுழல் பிடியைத் தடுக்க முடியாது, தாவித்தான் தப்ப வேண்டும், பிடிக்குப் பயந்து தாவினால் காத்திருந்து குத்துகிறார். ஒரு தவறான ஊகத்துக்கு உயிர்க்கோட்டில் நான்கில் ஒரு பங்கு அளவு போய்விடும். 50 நொடி பட்டதை 10 நொடியில் வசூலிக்கிற பாத்திரம் அவர்.

இங்கே வடிவமைப்பாளருக்கு வரும் சபலம், ஸாங்கீஃபுக்கு ஒரு நெருப்புப் பந்தையோ வேகமான ஓட்டத்தையோ கொடுத்துவிடுவது. எண்கள் சரியாகிவிடும்; ஆனால் ஸாங்கீஃப் இருக்கமாட்டார். 1994-இல் வெளிவந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவில் கேப்காம் கொடுத்தது பானிஷிங் ஃபிளாட் என்னும், ஒளிரும் கையால் அறையும் அடி. எதிராளியின் எறிபொருளை அழித்துக்கொண்டே ஸாங்கீஃபை அது முன்னால் கொண்டுவரும், நேரம் தப்பினால் அடியும் வாங்க வைக்கும். பலவீனத்தைத் துடைத்தெடுக்காமல், அதற்கு ஆபத்துள்ள ஒரு விடையைக் கொடுத்தார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் பெரும்பாலோருக்கு 10,000 உயிர்ப்புள்ளிகள் இருக்கையில் ஸாங்கீஃபுக்கு 11,000 இருப்பதும், எல்லா ஆயுதங்களும் கைவசமுள்ள அகூமாவுக்கு 9,000 மட்டுமே இருப்பதும் அதே விலைக் கொள்கையின் இன்னொரு வடிவம்.

அளவுமீறிய பலமுள்ள பாத்திரத்தைத் தடைசெய்துவிட்டால் போதாதா?

சில சமயம் வேறு வழியில்லை. மேலே சொன்ன டர்போ பதிப்பில் அகூமா ஒளித்துவைக்கப்பட்ட பாத்திரம். வானில் தாவியபடியே கீழ்நோக்கி அவர் எறியும் நெருப்புப் பந்துக்குப் பல பாத்திரங்களிடம் பதிலே கிடையாது. சமன்செய்ய வேண்டும் என்ற எண்ணத்தோடு உருவாக்கப்பட்டவர் அல்லர் என்பது வெளிப்படை. போட்டிகள் அவரை விலக்கின, ஆட்டம் பத்தாண்டுகளைக் கடந்தும் செழித்தது.

சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராலில் மெட்டா நைட்டின் கதை அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவர் முறையாகக் கொடுக்கப்பட்ட பாத்திரம், அவரை ஆடுபவர்கள் ஏராளம். 2011-இல் அமெரிக்கப் போட்டி அமைப்பாளர்கள் சிலர் கூடி அவரைத் தடைசெய்ய முடிவெடுத்தபோது, ஏற்றவர்களும் மறுத்தவர்களுமாக அந்தச் சமூகம் பிளவுபட்டது. தடை என்பது பாத்திரத்தோடு அதை ஆடுபவரின் உழைப்பையும் சேர்த்து வெளியேற்றுவது. கடைசி ஆயுதமாக மட்டுமே அது இருக்க வேண்டும்.

சமநிலை கெட்டுப்போன சில விளையாட்டுகளை இன்னும் கொண்டாடுகிறார்களே, அது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்தச் சமநிலைக் கோட்பாடும் அரைகுறைதான். மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, 2000-இல் 56 பாத்திரங்களோடு வந்தது. மூவரைக் கொண்ட அணி என்பதால் 27,720 அணிகள் சாத்தியம். போட்டியிலோ மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்ற நால்வரைச் சுற்றியே எல்லாம் நடந்தது. 56 பேரில் பெரும்பாலோர் மேடையையே காணவில்லை. பாத்திரங்களைப் பலத்தின்படி மேலிருந்து கீழாக அடுக்கும் பட்டியலின்படி இது படுதோல்வி. ஆனால் அந்த நால்வரும் ஒருவருக்கொருவர் எதிராக ஆடும்போது யாரும் யாரையும் வாயடைத்துவிடவில்லை. ஒவ்வொரு பைத்தியக்காரத்தனத்துக்கும் எதிர்ப் பைத்தியக்காரத்தனம் ஒன்று இருந்தது. 2005-இல் வந்த ஹொகுடோ நோ கென் சண்டை விளையாட்டிலும் இதே நிலைதான்: முடிவில்லாத காம்போக்கள் எல்லோரிடமும் இருந்ததால், தோக்கியின் மேலாதிக்கத்தையும் பொருட்படுத்தாமல் ஜப்பானில் ஒரு சிறு கூட்டம் அதை விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3 தேர்ட் ஸ்ட்ரைக் இன்னும் தெளிவான சான்று. 1999-இல் வந்த அந்த விளையாட்டில் சுன்-லீயும் யுன்னும் கென்னும் மேலே, ஷானும் டுவெல்வும் பாதாளத்தில். ஆனால் அடி விழும் கணத்தில் முன்பக்கம் தட்டினால் அந்த அடியை உயிரிழப்பின்றி விலக்கும் 'பாரி' என்னும் வசதி எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. 2004-இல் ஈவோ என்னும் சண்டை விளையாட்டுப் பெரும்போட்டியில் நடந்ததைப் பலர் காணொளியில் பார்த்திருப்பார்கள். கென் ஆடிய தைகோ உமேஹாராவுக்கு உயிர் நூலளவே மிச்சம். எதிரே ஜஸ்டின் வாங்கின் சுன்-லீ. சூப்பர் தாக்குதலைத் தடுத்தாலும் சிறிது உயிர் கழியும் என்பதால், தைகோவுக்குத் தடுப்பதும் சாவுதான். ஜஸ்டின் சூப்பரை விடுகிறார். தைகோ அதன் 15 உதைகளையும் ஒவ்வொன்றாகப் பாரி செய்து, கடைசி உதையைக் காற்றில் எழும்பிப் பாரி செய்து, இறங்கி வந்து ஒரே காம்போவில் ஆட்டத்தை முடித்தார். கூடத்தில் எழுந்த கூச்சலை இன்றும் கேட்கலாம்.

அந்தக் காட்சியைச் சமநிலைக்குச் சான்றாகச் சிலர் காட்டுவது தவறு. இருவரும் ஆடியது மேல்தட்டுப் பாத்திரங்களை. அது காட்டுவது வேறு: விளிம்பில் நிற்பவருக்கும் விளையாட்டு ஒரு விடையை மிச்சம் வைத்திருந்தது. பட்டியலில் கீழே இருக்கும் பாத்திரங்களுக்கும் அந்தக் கதவு திறந்தே இருந்ததால்தான் அந்த ஏற்றத்தாழ்வை மக்கள் பொறுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

இப்போது பேட்ச் போடலாமே. பிறகு எதற்குக் கவலை?

பேட்ச் என்பது இருபுறமும் கூர்மையான கத்தி. ஆர்கேட் காலத்தில் திருத்தம் என்றால் விளையாட்டு அடங்கிய புதிய மின்சுற்றுப் பலகையை விற்க வேண்டும். 1992-இல் கள்ளப் பதிப்புப் பலகைகள் சில, வானத்திலேயே உருமாறி, அடுக்கடுக்காக நெருப்புப் பந்து எறிய விடும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ஐக் கூடங்களில் பரப்பின. அதற்குப் பதில்போல வேகம் கூட்டிய டர்போ பதிப்பை (1994-இன் சூப்பர் டர்போ வேறு) அந்த ஆண்டின் இறுதியிலேயே கேப்காம் வெளியிட்டது. அந்தக் கள்ளப் பதிப்புகள் சமநிலைக்கு எதிர்ப்பதம் எப்படியிருக்கும் என்று காட்டுபவை. ஒரு மாலைப்பொழுதுக்கு அவை வேடிக்கையாகவும் இருக்கும்.

இன்று ஓர் இரவில் உலகம் முழுவதும் திருத்தம் போய்ச் சேர்கிறது. ஆபத்தும் அதில்தான். டெக்கன் 7-இல் லீராய் ஸ்மித் 2019 டிசம்பரில் வந்தார். 2020 ஜனவரியில் நடந்த ஈவோ ஜப்பானின் கடைசி எட்டுப் பேரில் பெரும்பான்மையோர் அவரையே ஆடினார்கள், வென்றவரும் அவரை ஆடியவர்தான். அங்கே உடனடித் திருத்தம் அவசியமாயிற்று. மறுபக்கம், 2001-இல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீயைப் பாருங்கள். இணையவழித் திருத்தம் என்பதே இல்லாத விளையாட்டு அது. அதிலுள்ள யோஷி என்ற பாத்திரம் போட்டிக்கு உதவாது என்று ஆண்டுக்கணக்கில் சொல்லப்பட்டது. ஆம்சா என்ற ஜப்பானிய ஆட்டக்காரர் யோஷியையே விடாமல் ஆடி, 2022-இல் தி பிக் ஹவுஸ் 10 என்ற பெரும்போட்டியை வென்றார். மெலீ இன்று வந்திருந்தால் ஓராண்டுக்குள் யோஷியை மாற்றி எழுதியிருப்பார்கள். அந்த யோஷி பிறந்தே இருக்காது. எதிராளி இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை என்பதும், விடையே இல்லை என்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். அவற்றைப் பிரித்தறியக் காலம் தேவை.

பலவீனரை உயர்த்துவது நல்லதா, பலமானவரை இறக்குவது நல்லதா?

ஆட்டக்காரர்களைக் கேட்டால் எப்போதும் உயர்த்தச் சொல்வார்கள். இறக்கினால் கோபம் வரும் என்பதால் நிறுவனங்களும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஆனால் எல்லோரையும் உயர்த்திக்கொண்டே போனால் தாக்குபவரின் கை ஓங்கி, தற்காப்பவருக்கு முடிவெடுக்க இடமில்லாமல் போகும். டெக்கன் 8-இன் இரண்டாம் பருவத் திருத்தம் 2025 ஏப்ரலில் வந்தபோது எழுந்த எதிர்ப்புக்குக் காரணம் இதுதான். பலருக்கும் புதிய தாக்குதல் வழிகள் கிடைத்தன, பலரின் தனிப்பட்ட பலவீனங்கள் மறைந்தன. "எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள்" என்று தொழில்முறை ஆட்டக்காரர்களே வெளிப்படையாகக் கண்டித்தார்கள், நிறுவனம் அவசரத் திருத்தங்களை அறிவிக்க நேர்ந்தது.

யுன் விஷயத்தில் கேப்காம் இறக்கத் துணிந்தது. சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-இன் ஆர்கேட் எடிஷனில் யுன் வந்ததும் மற்றவர்கள் நிழலில் ஒதுங்கினார்கள். 2011-இன் இறுதியில் வந்த திருத்தம் அவரைத் தரைக்கு இறக்கியது. யுன் ஆடியவர்கள் புலம்பினார்கள். விளையாட்டு பிழைத்தது.

வெற்றி விழுக்காட்டுப் புள்ளிவிவரம் இருக்கும்போது கருத்து எதற்கு?

இணையத் தரவரிசை அமைப்பு, வென்றால் வலுவானவரோடும் தோற்றால் எளியவரோடும் உங்களைக் கோத்துவிடும். ஆகவே யாருடைய வெற்றி விழுக்காடும் 50-ஐ நோக்கியே இழுக்கப்படும். புதியவர்கள் கையில் எளிதாக ஜொலிக்கும் பாத்திரம் உயர்மட்டத்தில் மங்கலாம். கடினமான பாத்திரம் கீழ்மட்டத்தில் மோசமாகத் தெரிந்து, மேலே கோப்பை வாங்கலாம். எண்கள் கேள்வியை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது.

நகர்வைச் செய்யக் கடினமாக வைப்பது சமன்செய்யும் வழியா?

பல காலம் அப்படித்தான் நம்பினார்கள். ஸாங்கீஃபின் சுழல் பிடிக்கு முழு வட்டம் சுற்ற வேண்டும் என்பதும் அதன் விலையில் சேர்த்தி. 2008-இல் சூப்பர் டர்போவின் எச்டி ரீமிக்ஸ் பதிப்பை மறுசமன் செய்த டேவிட் சர்லின் இதற்கு எதிர்க்கட்சி. கைவித்தையைவிட முடிவெடுப்பதே ஆட்டத்தின் உயிர் என்று கருதி, பல நகர்வுகளின் உள்ளீட்டை எளிதாக்கினார். நான் பெருமளவு அவர் பக்கம். கடினம் என்பது பயிற்சியில் கரைந்துபோகும் விலை. ஆயிரம் மணிநேரம் ஆடியவருக்கு அந்தப் பலம் இலவசமாகிவிடுகிறது, புதியவர் மட்டுமே அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருப்பார்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இன் மாடர்ன் என்ற கட்டுப்பாட்டு முறை இதற்கு நேர்மையான தீர்வொன்றைத் தருகிறது. ஒற்றைப் பொத்தானில் சிறப்பு நகர்வு வரும். ஆனால் அதன் சேதத்தில் 20 விழுக்காடு குறையும். கைவலியாக இருந்த விலை கண்ணுக்குத் தெரியும் எண்ணாக மாறிவிட்டது. இருந்தும் ஒரு பொத்தானில் வரும் வான்தடுப்பு அடிக்கு 20 விழுக்காடு போதுமான விலையா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. வேகம் சேதத்தைவிட அருமையான பண்டம்.

காசு கொடுத்து வாங்கும் புதிய பாத்திரங்கள் வேண்டுமென்றே பலமாக வருகின்றனவா?

லீராய், ஸ்மாஷ் 4-இன் பேயனெட்டா ஆகிய இருவரும் காசுக்கு வந்தவர்களே என்பதால் ஐயம் எழுவது இயல்பு. பேயனெட்டா 2016-இல் வந்து, அவ்வாண்டே ஒருமுறை குறைக்கப்பட்டும், 2018 ஈவோ இறுதியில் இரண்டு பேயனெட்டாக்களே மோதினார்கள். அரங்கம் கைதட்டவில்லை, கூச்சலிட்டு வெறுப்பைக் காட்டியது. ஆயினும் சூழ்ச்சி தேவையில்லாத விளக்கமும் உண்டு. புதிய பாத்திரத்துக்கு எதிராக யாருக்கும் பயிற்சியில்லை. வாங்கியவரை ஏமாற்றக்கூடாது என்ற பதற்றம் வடிவமைப்பவருக்கு இருக்கிறது. பழைய பாத்திரங்களின் குறைகளைக் கண்டு கற்ற பாடமெல்லாம் புதியவரிடம் சேர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் பலம் கூடுவதற்குப் பேராசை கூடத் தேவையில்லை.

கீழ்த்தட்டுப் பாத்திரத்தை ஆடுவது வீண்வேலையா?

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது ஆடுபவருக்குச் சொல்லத்தக்க ஆறுதல். புல்லைக் கையில் கொடுத்தவர் சொல்லத்தக்க சமாதானம் அன்று. ஊர்மட்டப் போட்டிகளில் எதிராளிக்கு உங்கள் பாத்திரம் பழக்கமில்லை என்பதே பெரிய சாதகம். உயர்மட்டத்தில் அந்தச் சாதகம் தேய்ந்து, 7-3 மேட்ச்அப்புகள் வட்டியோடு வந்து நிற்கும். அப்போது இரண்டாவது பாத்திரம் ஒன்றைப் பழகிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோற்றது என் குறையா, விளையாட்டின் குறையா என்று எப்படி அறிவது?

தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்து, பிரேம் கோட்டையும் உள்ளீடுகளையும் காட்டும்படி வைத்துக்கொண்டு, உயிர் அதிகம் போன மூன்று இடங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் அடிபடுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தி, அங்கே எனக்கு வேறு என்ன செய்ய வாய்ப்பிருந்தது என்று எழுதுங்கள். போன மாதம் ஒரு கைலிடம் ஒரே இரவில் பத்து முறை தோற்றுவிட்டு, "இது 8-2 மேட்ச்அப்" என்று நண்பரிடம் புலம்பியபின் நான் அப்படிப் பார்த்தேன். முப்பது இடங்களில் இருபதில் நான் பூமைத் தடுக்காமல் முன்னோக்கித் தாவியிருந்தேன்; கைல் கீழே அழுத்திப் பிடித்தபடி காத்திருப்பது திரையில் நன்றாகவே தெரிந்தது. ஐந்து இடங்களில் பிடிக்கும் தொலைவு வந்தும் தயங்கி நின்றிருந்தேன். எதைச் செய்திருந்தாலும் அடிதான் என்று நேர்மையாகச் சொல்லக்கூடியவை மூன்று. மீதி இரண்டைப் பற்றி அந்த நண்பரும் நானும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.